ரத்தப் பரிசோதனையில் பாஸான மனிதர்

"ஏட்டி, கக்கூஸ்ல சோப்பு எதும் ஊத்துனியா? ஒரே நுரையா நிக்கு" என்று கேட்டபடி வந்தார் என் வீட்டுக்காரர். நான் எதையும் ஊற்றவில்லை. அவர் காலைப் பார்த்தேன், வீங்கியிருந்தது.

"எல்லாம் சூடு. ரெண்டு இளநி குடிச்சா சரியாப் போவும்" என்று சொல்லிவிட்டு, மும்பை தாராவியிலுள்ள தன் தையல் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்து பல வருஷம். தொப்பையை 'முதலாளிக் களை' என்பார். ரத்தப் பரிசோதனை அவருக்குப் பரீட்சை. தேதி தெரிந்ததும் ஒரு வாரம் சோறு கிடையாது, வடாபாவ் கிடையாது, சயான் வரை நடை. வெறும்வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக வரும். "பாத்தியா, பாஸு!" அன்று ராத்திரியே பிரியாணி. தலையில் அடித்துக்கொள்வேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து தேதியை மட்டும் சொல்லாதீர்கள்.

அந்த நுரைக்குப் பிறகு நான் விடவில்லை. செம்பூரில் சிறுநீரக டாக்டரிடம் இழுத்துப்போனேன். அன்றைக்கே ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (ஒரு வாரப் பட்டினிக்கு மசியாத சோதனை) எங்கோ ஏறியிருந்தது. சிறுநீரில் அல்புமின் (உடம்பு வெளியே விடக்கூடாத புரதம்) போனது; அந்த நுரை அதனால்தான். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவு) தேங்கியிருந்தது.

டாக்டர் இந்தியில் பொறுமையாகச் சொன்னார். தொப்பை, சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்து வருவதற்கு வளர்சிதை மாற்றக் குறைபாடு என்று பெயராம். நாங்கள் தனித்தனி வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவை கூட்டுச் சேர்ந்து சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் கெடுத்திருந்தன. கெட்டது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றாவிட்டால் டயாலிசிஸ் (இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது).

"கித்னே தின் பர்ஹேஸ், சாஹப்?" எத்தனை நாள் பத்தியம் என்று கேட்கிறார் மனுஷன்!

"ஜிந்தகி பர்" என்றார் டாக்டர். ஆயுசுக்கும்.

பிறகு என் அடுப்படியில் ஆரம்பித்தது கூத்து. அழுத்தத்துக்கு உப்பைக் குறை. சர்க்கரைக்குச் சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டு என்று முன்பு சொன்னார்கள். இப்போது பருப்பையும் அளந்து போடு, புரதம் கூடினால் சிறுநீரகத்துக்குச் சுமையாம். இளநீர் வேண்டாம், பொட்டாசியம் (கூடினால் இதயத்தைத் தடுமாற வைக்கும் தாது) ஏறும்.

"அப்ப எதத்தான் திங்கச் சொல்லுதாவ?" என்று தட்டைத் தள்ளினார்.

"என்னத் தின்னுங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டு உள்ளே போய் அழுதேன். அவரை இயந்திரத்தோடு பிணைத்துப் பார்க்க என்னால் முடியாது. அந்தப் பயம்தான் கோபமாக வந்துகொண்டிருந்தது.

மாத்திரை, நடை, உப்பில்லாச் சண்டை என்று மாதங்கள் ஓடின. ஒவ்வொரு தடவையும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியே வந்தது. போன தடவை டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வைசா ஹீ ஹை" என்றார். அப்படியே இருக்கிறது.

"இம்புட்டுக் கஷ்டப்பட்டும் குறையலையா?" என்று இவர் இடிந்து உட்கார்ந்தார். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"நீ ஏன்ட்டி அழுத?"

"கூடலைங்க. கூடவே இல்ல."

முன்பெல்லாம் மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை என்றால் ஏதாவது நல்லது நடந்திருக்க வேண்டும் எனக்கு; இப்போது எதுவும் நடக்காததே போதும். வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டுப் பெண் மாடிப்படியில் மறித்தாள். "அண்ணாச்சிக்குக் குணமாயிட்டா, மதினி?"

"அப்படியேதான் இருக்காவ" என்றேன்.

பாவம், அவள் முகம் வாடிவிட்டது. எனக்கோ அவளைக் கட்டிக்கொண்டு சிரிக்க வேண்டும்போல் இருந்தது.