காதில் விழும் தூரம்

முந்தாநாள் காலை ஈப்போவில் ஒரு கடையில் தோசைக்குக் காத்திருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: செல்வராணி டீச்சர் காலமானார். நான் நம்பவில்லை. உயிரோடிருந்த ஒருவருக்கு மலர்வளையமே போட்ட ஆட்கள் எங்கள் ஆசிரியர் குழுவில் இருக்கிறார்கள். டீச்சரின் தம்பிக்குப் போன் செய்தேன். "ஆமாண்ணே, அக்கா போயிட்டாங்க," என்றார். தோசை வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

செமோர் பக்கம் ஓர் இடைநிலைப் பள்ளியில் நாங்கள் இருவரும் தமிழிலக்கியம் நடத்தினோம். பாடம் ஒரு பழைய ரப்பர் தோட்ட நாவல். அதில் வரும் கிராணியாரை, தோட்டத்துக் கணக்கரை, பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் சனங்கள் வாய் ஓயாமல் 'நல்லவர்' என்பார்கள். அவருடைய கருணைக்குச் சான்று என்று நான் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். டீச்சர் ஒருநாள் மாணவர்களிடம், "யாரு சொல்றாங்கன்னு மட்டும் பாக்காதீங்க. அப்ப கிராணி எங்க நிக்கிறாருன்னு பாருங்க," என்றார். பார்த்தால், ஒவ்வொரு இடத்திலும் அவர் காதில் விழும் தூரத்தில்தான் நிற்கிறார். சனங்கள் குடியிருக்கும் லயத்து அடுப்படியில் ஒருவர் வாயிலும் அந்தச் சொல் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா கிராணி. டீச்சரின் அம்மா அவருக்குக் கீழே மரம் வெட்டியவர். அப்பாவையும் எல்லாரும் நல்லவர் என்றுதான் சொன்னார்கள், நான் பக்கத்தில் இருக்கும்போது. ஆசிரியர் அறையில் நேராகவே கேட்டேன். "நான் நாவலத்தான் சொன்னேன்லா, சார்," என்றார். சரி, அப்படியானால் என் அப்பா எப்படிப்பட்டவர் என்றேன். டீச்சர் தாள் திருத்தப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் என்ன பேசினாலும் எனக்குள் ஒரு குடைச்சல். கூட்டத்தில் கணக்கு என்று வாயெடுத்தாலே என்னைத்தான் குத்துகிறார் என்று தோன்றும். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார். எதற்கு இந்தக் கரிசனம் என்று யோசித்துவிட்டுத்தான் தின்றேன். முறுக்கு நன்றாகவே இருந்தது.

அப்பா இறந்தபோது டீச்சர் தம் அம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்தார். பெட்டியருகே நின்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "ஒங்கப்பாவுக்கு வாய் மோசம்யா. லேட்டா வந்தா ஊரே கேக்குற மாதிரி ஏசுவாரு. ஆனா வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டாரு. வேல குடுத்துருவாரு."

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று டீச்சரிடம் கேட்டேன்.

"ஒங்க மொகத்துக்கு நேரா நான் சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா, சார்?"

நம்பியிருக்க மாட்டேன். அதன்பிறகுதான் நாங்கள் ஒன்றாகத் தேநீர் குடிக்கத் தொடங்கினோம்.

நேற்று இறுதிச் சடங்கு. ஒலிவாங்கியைப் பிடித்தவர் நல்லவர், உத்தமர் என்று அடுக்கிக்கொண்டே போனார். குடும்பத்தார் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பெற்றவள் இருக்க மகள் முந்திக்கொண்ட வீடு அது. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் மக நல்லவதானேய்யா?"

என்ன சொன்னாலும் ஆறுதலுக்குச் சொன்னதாகிவிடும். அவரிடம் குனிந்து, "எம் மனசு குளிரணும்னு அவங்க ஒரு பொய்கூடச் சொன்னதில்லம்மா," என்றேன்.

அந்த அம்மா என் முகத்தையே சந்தேகமாகப் பார்த்தார்.

"அப்ப அது எம் மகதான்," என்று சொல்லிவிட்டுத்தான் அழுதார்.

போய் வாருங்கள், டீச்சர். எனக்கு மனசு ஆறவில்லை.