உயிரோடு இருந்தவனுக்குப் போட்ட மாலை

தேவசேனாவைப் பற்றிக் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறின பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் ஹாஸ்டலில் அவள் சமையல் செய்கிறாள். நான் அதே ஹாஸ்டலுக்குச் சாமான் வாங்கிப் போடுகிறவன். சாம்பார் வாசம் வெளி கேட் வரைக்கும் வந்தால் அன்று அடுப்பில் நிற்பது அவள்தான் என்று பையன்களுக்குத் தெரியும். மற்ற நாட்களில் தட்டைக் கழுவப் போடும்போது முகத்தைச் சுளிப்பார்கள்.

பிச்சாட்டூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. அப்பா அம்மா இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். தம்பி திலீப் அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டு திரிகிற வயசு. அவனை வளர்த்து ஆளாக்க வேண்டும் என்று கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். போலீஸ் படைத் தேர்வுக்காக அவன் விடிகாலையில் அணைக்கரை மேல் ஓடுவான். இவள் ஒரு முனையில் செல்போனை வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பாள். கொஞ்சம் சுணங்கினாலும், "சோறு துன்ற இல்ல? ஓடுடா!" என்று கத்துவாள். அப்படி ஓடித்தான் அவன் மத்தியப் படையில் சேர்ந்தான். வடக்கே காட்டுக்கு அனுப்பினார்கள்.

அங்கே நடந்த ஒரு சண்டையில் அவன் மட்டும் அரசை எதிர்க்கும் ஒரு ஆயுதக் குழுவிடம் சிக்கிக்கொண்டான். சில நாள் கழித்து அவர்கள் ஒரு போட்டோவை வெளியிட்டார்கள். ஒரு மரத்தடியில் பாய் மேல் திலீப் உட்கார்ந்திருக்கிறான். எதிரே தட்டில் சோறு. சிறையில் இருக்கும் எங்கள் ஆட்கள் நாலு பேரை விடுங்கள், இவனை விடுகிறோம் என்று கூடவே ஒரு அறிக்கை. அந்தப் போட்டோ எல்லா டிவியிலும் வந்தது, எல்லார் போனிலும் வந்தது. தேவசேனா என் போனை வாங்கிப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தாள்.

"துன்னுக்கினு கீறாண்ணா. கை கால் நல்லா கீது. உயிரோட கீறான்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

அன்றிலிருந்து நாடே நீதிபதி ஆகிவிட்டது. விடலாமா கூடாதா என்று டிவியில் எட்டுப் பேர் எட்டுக் கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்தினார்கள். விடலாம் என்றால் ஒன்றை அழுத்து, கூடாது என்றால் இரண்டை அழுத்து என்று ஒரு சேனல் ஓட்டெடுப்பு வைத்தது. எங்கள் மெஸ்ஸிலும் டிவி இருக்கிறது. இஞ்சினீயரிங் படிக்கிற ஒரு பையன் அவளிடமே தட்டை நீட்டி இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டு, "ஒருத்தனுக்கு நாலு பேர்னா கவர்ன்மெண்டுக்கு லாஸ்தானே மச்சான்" என்றான். ஊற்றுகிறவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் வேறு மேஜைக்குப் போய் அதையேதான் சொல்லியிருப்பான். டிவியை நிறுத்தப் போன என்னைத் தேவசேனா தடுத்தாள்.

"இருக்கட்டும்ணா. என் தம்பி சாவணுமா வாணாமான்னு ஓட்டுப் போட்டுக்கினு கீறாங்க. எத்தினி பேருன்னு நானும் பாக்கறேன்."

திருப்பதியில் ஒரு உள்ளூர் சேனல் அவளை விவாதத்துக்குக் கூப்பிட்டது. துணைக்கு நானும் போனேன். ஸ்டூடியோவில் அவளுக்கு எதிர் நாற்காலியில் வரலட்சுமி என்ற அம்மாள் இருந்தார். சத்தியவேடு பக்கத்துக்காரர். போலீஸ்காரரான அவர் கணவரைக் கண்ணிவெடி வைத்துக் கொன்றது இதே குழு. அந்த வழக்கில் உள்ளே இருப்பவன் பெயரும் நாலு பேரில் ஒன்று.

"அவன விடாதீங்க" என்றார் அந்த அம்மாள். "என் வூட்டுக்காரர எடுத்துக்கினு வந்தப்ப மூஞ்சிகூட காட்டல எனக்கு. அவன் ஜாலியா வெளிய வரணுமா?"

தொகுப்பாளர் ஒரு சிரிப்போடு தேவசேனா பக்கம் திரும்பினார். இரண்டு பொம்பளைகள் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற ஆசை அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அந்த அம்மா சொல்றது தப்பு இல்ல" என்றாள் தேவசேனா. "அவங்க எடத்துல இருந்தா நானும் அதான் சொல்லுவேன். ஆனா நான் என் எடத்துல கீறேன். எனக்கு என் தம்பி வேணும்."

தொகுப்பாளருக்கு முகம் செத்துப்போனது. விளம்பர இடைவேளையில் வரலட்சுமியம்மாள் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தார். "சாப்ட்டியாம்மா? எலுமிச்சம் சாதம் கீது" என்றார். அவர் மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபம் கிடையாது. கூடாது என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது, அதற்கு அவர் தாலியைக் கொடுத்திருந்தார். சும்மா போனை அமுக்கியவர்களிடம் என்ன இருந்தது?

இனி நான் சொல்லப் போவதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

பவன்குமார் என்று எங்கள் ஊரில் ஒரு இளம் தலைவர். பிளாட் வியாபாரம், கழுத்தில் செயின், எதற்கெடுத்தாலும் ஃபிளெக்ஸ். கைதிகளை விடக்கூடாது என்று மெழுகுவத்தி ஊர்வலம் ஏற்பாடு செய்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் நின்றது. அதில் திலீப். காட்டிலிருந்து வந்த அதே போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி, யாருடைய உடம்பிலோ மாட்டிய யூனிபார்மின் மேல் ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் ரோஜா மாலை. இரண்டு பக்கமும் தீபம். கீழே தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று: 'உன் தியாகம் வீண் போகாது.' இந்தப் பக்கத்தில் எந்தச் செத்தவர் ஃபிளெக்ஸும் இப்படித்தான் இருக்கும்.

தேவசேனா காய் நறுக்குகிற கத்தியோடு வந்தாள். டீக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மாலையோடு சேர்த்துத் தம்பியின் முகத்தை வெட்டி எடுத்தாள். பவன்குமார் ஓடி வந்தார்.

"அக்கா, மரியாதைக்கித்தான் வெச்சோம். தீவிரவாதிங்களுக்கு நாம தல வணங்கக் கூடாது. உங்க தம்பி வீரன் அக்கா."

"வீரன்னா செத்துதான் ஆவணுமா?" ஸ்டூல் மேலிருந்தே கேட்டாள். "சோறு துன்னுக்கினு கீறவன் போட்டோடா இது! இதுக்கு மால போட எப்டிடா கை வந்துச்சி? உன் வூட்ல யாருனா அங்க மாட்டிக்கினு கீறாங்களா? மாட்டட்டும். அப்பறம் தல வணங்காத."

மெழுகுவத்தி பிடித்திருந்தவர்கள் மற்றக் கையால் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். மறுநாள் அந்த வீடியோவுக்குக் கீழே அவளைத் தேசத்துரோகி என்று எழுதினார்கள். அணைக்கரையில் நின்று ஒரு ஜவானை உருவாக்கிக் கொடுத்தவள் துரோகி! எழுதியவர்களில் எத்தனை பேர் தெருமுனைக் கடைக்காவது நடந்து போகிறவர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். அன்று சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

கடைசியில் யாரோ பெரியவர்கள் காட்டுக்குப் போய்ப் பேசினார்கள். அரசு என்ன வாக்குக் கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியாது. திலீப்பை விட்டுவிட்டார்கள். நாலு பேரில் இருவருக்கு ஜாமீன் கிடைத்தது. வரலட்சுமியம்மாள் சொன்னவன் அதில் இல்லை. டிவிக்காரர்கள் மறுபடி எட்டுக் கட்டம் போட்டு, ஒரு ஜவானுக்காக நாடு தோற்றதா என்று ஆரம்பித்தார்கள்.

ரேணிகுண்டாவில் ரயில் மாறி திலீப் புத்தூர் ஸ்டேஷனில் இறங்கினான். பாதி ஆளாக இருந்தான். வெளியே மேளம். பவன்குமார் இரண்டு பேர் தூக்குகிற அளவுக்கு ஒரு ரோஜா மாலையோடு நின்றார். செல்போன்கள் உயர்ந்தன. "நம்ம ஊர் சிங்கம்!" என்று ஒருவன் கத்தினான். தேவசேனா தம்பிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாலையா? அதான் அன்னிக்கே போட்டுட்டியே. எத்தினி வாட்டி போடுவ?"

பவன்குமார் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நாங்கள் ஆட்டோ ஏறினோம்.

திலீப்புக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும், "இன்னாக்கா மாலை? எப்ப போட்டாங்க?" என்று கேட்டான். மறைத்து என்ன ஆகப் போகிறது? பீரோவிலிருந்து அந்த ஃபிளெக்ஸ் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் தன் முகத்தையும் கழுத்து மாலையையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் செத்துட்டன்னு நெனச்சிக்கினாங்களாக்கா?"

"அப்டி நெனச்சிருந்தா மன்னிச்சி வுட்டிருப்பேண்டா" என்றாள் தேவசேனா. "நீ உயிரோட கீறன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சிதான் போட்டாங்க."