முழுகாத பத்து நாள்

அந்த எண்ணம் எனக்குத் தோன்றுவது ரொறன்ரோ பஸ் நிலையக் கோப்பிக் கடையில், ஒரு அன்ரி என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது.

இரண்டு நாள் பஸ்ஸில் வந்து கால்கள் வீங்கிக் கிடக்கின்றன. மேசையில், வடதுருவத்துப் பெண் சீல், அதாவது கடல்நாய், ஒன்றின் முதுகில் எங்கள் ஆய்வுக்குழு ஒட்டிய ஆழமானிக் கருவியின் தாள்கள். அது இரை தேடி எவ்வளவு ஆழம் போனது என்பதெல்லாம் கோடுகளாக இருக்கிறது. நடுவில் பத்து நாள் மட்டும், ஒருமுறையும் கடலில் முழுகாததுபோல், வெறும் நேர்கோடு. கருவி பழுது, இந்தச் சீலை விட்டுவிடு என்கிறார் பேராசிரியர். விட்டால் என் ஆய்வில் மிஞ்சுவது இரண்டே சீல்கள்.

மேசை துடைக்கும் அன்ரி, "என்ன பிள்ளை, முகம் செத்துப்போய்க் கிடக்கு?" என்கிறார்.

"பத்து நாளாய் முழுகேல்லை, அன்ரி."

"முழுகாமல் இருக்கிறியோ? பிறகேன் உந்த வெறுங்கோப்பி? பால் குடியன்!"

அது கர்ப்பத்துக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் சொல் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

"ஐயோ, நானில்லை, இந்தச் சீல்!"

"ஆர் முழுகாமல் இருந்தாலும் விசேசம்தானே!" அவர் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறார்.

எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. ஆனால் குட்டி ஈன்ற தாய் பனிக்கட்டியை விட்டு இறங்காமல் பாலூட்டியிருந்தால், கோடு இப்படித்தானே கிடக்கும்? கருவி வெப்பநிலையையும் பதிந்திருக்கிறது. நாளை பேராசிரியரைக் காணுமுன், அந்தப் பத்து நாளும் அது பட்டது கடல்நீரா, வெளிக்காற்றின் கடுங்குளிரா என்று வரைபடமாய்க் கீறிப் பார்க்கப்போகிறேன்.