என் தராசும் ஒரு துப்பறிவாளரும்

முப்பத்தைந்தாம் வருஷ வாக்கில், சம்பளம் போட்ட ஒரு வாரத்தில், மதுரைப் பக்கமிருந்து ஒரு நாடகக் கம்பெனி எங்கள் தேயிலைத் தோட்டத்து ஊரான நோர்வூட்டுக்கு வந்து கொட்டகை போட்டது. எல்லோரும் நாவல்களில் படித்துக் கிறுகிறுத்துப்போயிருந்த ஒரு துப்பறிவாளரின் கதை. அவராக நடித்தவர் பேர்போன நடிகர். கள்ளத் தராசு போடும் கடைக்காரனாக வரவேண்டியவருக்கோ எங்கள் ஊர்க் குளிரில் காய்ச்சல். "நெசக் கடைக்காரரே நடிச்சா நல்லாருக்குமுங்க" என்று என்னிடம் வந்து கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு விட்டேனா? என் மளிகைக்கடைத் தராசையும் நானே தூக்கிக்கொண்டு போனேன். என்னைப் போல இன்னொரு அறிவாளியை இந்த மலைநாட்டில் தேடத்தான் வேண்டும்.

வேறு நடிகராயிருந்தால் மேடையில் கர்ஜித்திருப்பார். இவர் வாயே திறக்கவில்லை. சாவகாசமாகத் தராசுத் தட்டைத் திருப்பினார். கள்ள எடைக்கென்று நாடகக்காரர்கள் அடியில் ஒட்டிவைத்திருந்த புளி உருண்டையை ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லை, இரக்கப்படுகிற மாதிரி ஒரு பார்வை. வசனம் மறந்து, நிஜத் திருடன் போலவே தலையைக் குனிந்துகொண்டேன். கொட்டகை நிறையத் தோட்டத்து ஜனங்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தினமும் எடையில் ஒரு றாத்தல், ரெண்டு றாத்தல் என்று பறிகொடுத்து வயிறெரிந்தவர்கள். எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் முதல் வியாபாரம். அரிசி வாங்க வந்த அக்கா, "கொஞ்சம் இருங்க மொதலாளி" என்று தட்டைத் திருப்பிப் பார்த்தாள். சிரித்தேன். அடுத்து வந்தவரும் திருப்பினார். அதற்கடுத்தவர் முகர்ந்தே பார்த்தார்.

"அது நாடகமுங்க!"

"நாடகந்தாங்க. தராசு இதுதானே?"

கூட்டம் மொத்தமும் எதிர்க்கடைக்குப் போனது. அந்தக் கடைத் தராசின் யோக்கியதை எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடைக்காரர் நடிக்கப் போகவில்லையே! சம்பள வாரம் கைநழுவினால் அடுத்த சம்பளம் வரை என் வீட்டில் அடுப்பெரியாது. "தூக்குல போடக் கயிறும் நீங்களே கொண்டுபோய்க் குடுத்தீங்களாக்கும்" என்றாள் மனைவி.

வெட்கத்தை விட்டு அந்த நடிகரிடமே போய்ப் புலம்பினேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "நாளைக்கு வர்றேனுங்க" என்றார். வந்து நாலு பேர் முன்னால் நற்சாட்சி சொல்வார் என்று காத்திருந்தேன். நாடகத்தில் போடும் அதே நீளக் கோட்டோடு வந்தார். கடைத்தெருவே பின்னால் வந்தது. ரெண்டு றாத்தல் சீனி கேட்டார். நிறுத்தேன். எல்லாக் கண்ணும் அவர் கைமேல். மனுஷர் தராசுப் பக்கம் திரும்பவேயில்லை. குளிரைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசினார், பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், போயேவிட்டார்.

"அவரே பாக்கலையே!" என்றாள் அந்த அரிசி அக்கா. "அப்ப எனக்கும் ரெண்டு றாத்தல் போடுங்க மொதலாளி."

பொழுது சாயுமுன் சீனி மூட்டை காலி. எனக்கு வந்ததோ எரிச்சல். இத்தனை வருஷம் நான் ஒழுங்காக நிறுத்தது எடுபடவில்லை. அவர் ஒரு தரம் பார்க்காமல் விட்டது எடுபட்டுவிட்டது! மேடையில் பார்த்தே என்னைத் திருடனாக்கியவர், கடையில் பார்க்காமலே யோக்கியனாக்கிவிட்டுப் போனார். அப்படியொரு நடிப்பை அப்புறம் நான் கண்டதில்லை. இன்றைக்கும் கடையில் ஆளில்லாத நேரம் வீட்டுக்குப் பருப்பு நிறுத்தாலும், அவர் எங்கோ நின்று பார்ப்பது போலவே இருக்கிறது. என் கை தானாகத் தட்டைத் திருப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறது.