குறை அக்காவும் சாகாவரமும்

பொத்தான் துளையின் ஓரத்தில் ஒரு நூல் பிசிறு தெரிந்தால் போதும், அந்தச் சட்டை அவள் மேசையைத் தாண்டாது. தைத்து முடித்த சட்டைகளைப் புரட்டி, கழுத்துப்பட்டையை விரலால் நீவி, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவளுடைய வேலை. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் குறை அக்கா. தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவளோடு வீட்டுக்கு வந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

அவளுடைய தம்பி, டயர் கடை மாடியில் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் சின்னக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தான்.

"வீட்ல உக்காந்து சுவத்தைக் குறை சொல்லிட்டு இருக்கிறதுக்கு, இங்க வந்து எங்க விளையாட்டைக் குறை சொல்லேன், அக்கா. சம்பளம் போட்டுத் தரேன்" என்று அவன்தான் கூப்பிட்டான்.

செத்தவர்கள் எழுந்து வந்து கடிக்கும் விளையாட்டு அது. ஜாம்பி என்றார்கள், அக்காவுக்கு அது பிணம்தான். ஒரு பெரிய வணிக வளாகம். கையில் ஒரு கோடாரி. வழியில் வருகிற பிணங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு மாடி மாடியாக ஏறிக் கூரைக்குப் போனால் தப்பிக்கலாம். முதல் நாள் அக்காவுக்குப் பொத்தான் வைத்த விளையாட்டுக் கைப்பிடியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. அதே வாரத்தில் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்காத ஆளாகிவிட்டாள். கோடாரியை ஓங்கும்போது கைப்பிடி உள்ளங்கையில் அதிரும். இறக்கும்போது நிஜமாகவே ஒரு கனம் தோள் வரைக்கும் இறங்கும். நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டு, இதோ முடிந்தது கதை என்று நினைக்கிற நேரத்தில் ஒரே வீச்சில் வழி கிடைக்கும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காக அவள் எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகத் தயாராக இருந்தாள்.

"இன்னிக்கு எத்தனை தலை?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "எண்ண நேரம் இருந்தாத்தானே?" என்பாள்.

ஆனாலும் பழக்கம் விடுமா? மணப்பெண் பிணத்தின் கால் தரையில் படவில்லை என்பாள். காவலாளியின் தொப்பி தலை வெட்டுப்பட்ட பிறகும் அந்தரத்தில் நிற்கிறது என்பாள். முதல் மாடியில் விறுவிறுப்பு, இரண்டாம் மாடியில் அதையேதானே திரும்பச் செய்கிறோம் என்பாள். எல்லாவற்றையும் விட அவளை உறுத்தியது ஒரு படிக்கட்டு. கடைசிப் படியில் ஏறி நின்றுவிட்டால் போதும். பிணங்கள் தண்ணீர் லாரிக்கு நிற்பது போல வரிசையில் வந்து ஒவ்வொன்றாக வெட்டு வாங்கிக்கொண்டு போகும்.

"அங்க யாரு போய் நிக்கப்போறாங்க, அக்கா?" என்பான் விளையாட்டுக்குக் கம்ப்யூட்டர் கோட் எழுதுகிறவன். அரைக்கண் மூடியே வேலை செய்வதால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

"நான் நின்னேனே."

"நீங்க குறை அக்கா. மத்தவங்க மனுஷங்க."

இப்படி வளாகம் முழுக்கச் சுற்றிக் குறை பார்க்க வேண்டுமானால் நடுவில் கடிபட்டுச் செத்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத் தூங்குமூஞ்சி ஒரு ரகசிய விசை வைத்திருந்தான். மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் எத்தனை பிணம் கடித்தாலும் உயிர் போகாது. ஆபீசில் அதற்குச் சாகாவரம் என்று பெயர். அது போட்டிருந்தால் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும்.

விளையாட்டுகளை வாங்கி ஊரெல்லாம் விற்கும் பெரிய நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் பார்க்க வருகிற நாளும் வந்தது. மேடம் எடுத்துக்கொண்டால் பிழைப்பு ஓடும். இல்லையென்றால் மாசக் கடைசியில் ஹாலைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போக வேண்டியதுதான். தம்பி இதை எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தான். வருகிறவர் கண்ணுக்குத் திரை துடைத்துவிட்டது போல இருக்கட்டும் என்று மூலையில் இருந்த எழுத்து, எண், புள்ளி எல்லாவற்றையும் மறைக்கவும் சொல்லியிருந்தான்.

மேடம் வந்தார். நரைத்த கிராப்பு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பேச்சை வளர்க்காமல் கைப்பிடியை வாங்கிக்கொண்டார்.

"அட, கோடாரி கனமா இருக்கே" என்று முதல் வெட்டிலேயே சிரித்தார். தம்பியின் முகத்தில் விளக்குப் போட்டது போல ஆயிற்று. காவலாளி விழுந்தான், சமையல்காரன் விழுந்தான், மணப்பெண் மாலையோடு சரிந்தாள்.

அக்காவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. மணப்பெண் விழுவதற்கு முன்னால் தோளைக் கவ்வினாளே, கடிபட்டால் சிவக்கிற திரை ஏன் சிவக்கவில்லை? காலையில் கடைசிக் கதவு ஒன்றைப் பார்ப்பதற்காகச் சாகாவரம் போட்டவள் அவள்தான். வாசலில் கார் சத்தம் கேட்டதும் அப்படியே எழுந்து ஓடிவிட்டாள். காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய பச்சைப் புள்ளியும் மறைந்துபோயிருந்தது.

தம்பியின் காதோரம் விஷயத்தைச் சொன்னாள்.

"வாயைத் தொறக்காதே" என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு. "சந்தோஷமா வெட்டறாங்க. வெட்டிட்டுப் போகட்டும்."

அக்கா திரையைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்த்தாள். முன்னால் குனிந்திருந்த முதுகு மெல்லச் சாய்ந்தது. அப்புறம் ஒரு கை கைப்பிடியை விட்டுவிட்டு டீ கிளாசைத் தேடியது. ஐந்து பிணம் சுற்றி நின்று கடிக்க, அவர் நிதானமாக ஒரு வாய் டீ குடித்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க, தம்பி. ஆனா இந்த வகை விளையாட்டே இப்படித்தான். கொஞ்ச நேரத்துல களை பிடுங்கற மாதிரி ஆயிடுது" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

"ஒரு நிமிஷம், மேடம்" என்றாள் அக்கா. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். "உங்களைக் கடிச்சாலும் சாகாதபடி ஒரு விசை இருக்கு. அதை அணைக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

"அப்போ இவ்வளவு நேரம் நான் சாகவே முடியாதா?"

"முடியாது. இப்ப முடியும்." மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்திவிட்டுக் கைப்பிடியை நீட்டினாள்.

பை மறுபடி மேசைக்குப் போயிற்று. காவலாளியிடமே மேடம் செத்தார். இரண்டாம் தடவை சமையல்காரன். மூன்றாம் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி விளிம்புக்கு வந்தார்.

"இடது பக்கம், மேடம், இடது பக்கம்" என்று கத்தினான் தூங்குமூஞ்சி.

"தெரியுது, சும்மா இருப்பா." அரைக்கண் ஆசாமிக்கு அன்றைக்கு இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன.

மணப்பெண் சாய்ந்தபோது ஹாலே எழுந்து நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு படிக்கட்டில் ஏறிய மேடம், கடைசிப் படியில் போய் நின்றுகொண்டார். பிணங்கள் வரிசையில் வந்தன. ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்ட வெட்ட முதுகு மறுபடி சாய்ந்தது.

"இதுவும் அந்த விசையா?"

"இல்ல, மேடம். இது குறை" என்றாள் அக்கா.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தெரிஞ்சும் ஏன் வெச்சிருக்கீங்க?"

"பின்னாடியிருந்து ஒரு கூட்டத்தை அனுப்பிப் பாத்தோம். மிஷின் திணறி நின்னுடுது, மேடம்" என்றான் தூங்குமூஞ்சி.

"கூட்டம் எதுக்குடா? ஒருத்தன் போதாதா?" அக்காவுக்கே அது அந்த நொடியில்தான் தோன்றியது. "முன்னாடி வரிசையா வரட்டும். பின்னாடி கதவுல ஒரே ஒருத்தன். எப்ப வருவான்னு மட்டும் தெரியக் கூடாது."

மேடம் நாற்காலியை விட்டு எழவில்லை. "மாத்துங்க, இருக்கேன்" என்றார். தூங்குமூஞ்சி பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினான்; மற்றவர்கள் அவன் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முடித்துக் கொடுத்ததும் மேடம் அதே படியில் போய் நின்றார். ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மூன்றாவதற்குக் கோடாரியை ஓங்கியபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து கழுத்தைப் பிடித்தது. மேடம் வீல் என்று கத்தியதில் டீ கிளாஸ் உருண்டு தம்பியின் சட்டையெல்லாம் டீ.

திரை சிவந்து அணைந்தது. மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார்.

"எடுத்துக்கறோம். ஆனா ரெண்டாவது மாடியில புதுசா ஏதாவது வேணும், இந்தம்மா சரின்னு சொல்ற வரைக்கும் வெளியே விடக் கூடாது. அப்புறம் அந்த முனகல். அத்தனை பிணமும் ஒரே குரல்ல முனகுதே, யாரு குரல் அது?"

எல்லோரும் தூங்குமூஞ்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. டீ சொட்டச் சொட்ட மேடத்தைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுப் படியேறி ஓடி வந்தான்.

"அக்கா, பிழைச்சோம்."

அக்கா காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரே குரல்தான்டா" என்றாள் முகம் சிவக்க. "எனக்கு எப்படிடா தெரியாமப் போச்சு? தள்ளு, முதல்லேர்ந்து போடு."