கலப்பைக்குப் பர்மாத் தேக்கு

பக்கத்து வீட்டில் கதவு வேலை நடக்கிறது. தச்சர் இழைக்க இழைக்க, தேக்கு வாசனை ஜன்னல் வழியே வந்து என்னை வில்லியனூர் மரவாடிக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிரெஞ்சுக்காரர் காலம். நான் அங்கே புது குமாஸ்தா.

எந்த மரம் எந்தத் தேசத்துக் காட்டிலிருந்து வந்தது என்று சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்த பூகோளம் வயிற்றுக்குள் சும்மா இருக்குமா? ஒரு பலகை வாங்க வந்தவரையும் உட்காரவைத்து, வடக்கே ருஷியா, நார்வேயில் ஊசியிலைக் காடு, காகிதமும் தீக்குச்சியும் அங்கேதான். நடுவில் மழைக்காடு, அங்கே ரப்பரும் கருங்காலியும். பர்மா பிழைப்பதே தேக்கால்தான் என்று விளாசுவேன். நான் பார்த்த பெரிய காடு எங்கள் ஊர்ச் சவுக்குத் தோப்பு. அதை மட்டும் சொல்லமாட்டேன்.

அப்போது எனக்குப் பண்டசோழநல்லூரில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். தேரோட்டத்தில் அவளை ஒருமுறை பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் ஒரு பெரியவர் வந்து, கலப்பை செய்ய மரம் கேட்டார்.

"பர்மாத் தேக்கு எடுங்க ஐயா. உலகத்துலயே அதுக்கு ஈடு கிடையாது."

"கலப்பைக்கா? கருவேலம் இல்லியா?"

"அது அடுப்புக்கு."

அவர் தேக்கை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், போய்விட்டார். சாயங்காலம் என் மாமா தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "டேய், வந்தது பொண்ணோட அப்பாடா! மாப்ள எப்படின்னு பாக்க வந்தாரு. கருவேலத்துலதான் கலப்பை செய்யணும்னு பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியும். பொண்ணு இல்லேன்ட்டாரு."

மறுநாளே பண்டசோழநல்லூருக்கு நடந்தேன். அதுவும் பிரெஞ்சு ஊர்தான், ஆனால் வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிடும். சுங்கச் சேவகன் மடியைத் தடவிப் பார்த்தான். வெட்கத்தைத் தவிர என்னிடம் ஒன்றும் அகப்படவில்லை.

பெரியவர் வாசலில் நின்றிருந்தார். "இன்னா தம்பி, இன்னும் எந்தக் காட்ட பாக்கி வச்சிருக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்: "அதுல ஒரு காட்டையாச்சும் பாத்திருக்காரான்னு கேளுப்பா."

"இல்லீங்க," என்றேன். "ஒண்ணுகூடப் பாத்ததில்ல."

உள்ளே களுக்கென்று சிரிப்புச் சத்தம். பெரியவரும் மீசைக்குள் சிரித்துவிட்டார். அந்த ஒரு 'இல்லீங்க'வுக்குத்தான் எனக்குப் பெண் கிடைத்தது.

யுத்தம் வந்ததும் பர்மாத் தேக்கு வருவது நின்றது, மரவாடியை மூடினார்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸைக் கரிப்புகையில் ஓட்டினார்கள், அந்தக் கரிக்கென்று ஏரிக்கரைக் கருவேலங்களும் போயின. நான் சொன்னபடி அதை எரித்தே தீர்த்தார்கள் என்று பெருமைப்பட முடியவில்லை. இப்போது அந்தப் பக்கம் மரக்கலப்பையே கிடையாது.

கல்யாணத்துக்கு அப்புறமும் நான் அளப்பதை விடவில்லை. யாரிடமாவது ஆரம்பித்தால் போதும், அடுக்களையிலிருந்து ஒரு செருமல் வரும், நான் அடங்கிவிடுவேன். போன தையில் அவளும் போய்விட்டாள். இனி உலகத்தில் எந்தக் காட்டைப் பற்றி வேண்டுமானாலும் இஷ்டத்துக்கு அளக்கலாம். பேச்சுதான் வரமாட்டேன் என்கிறது.