நெஞ்சுப் படம்

வாசலில் கும்பிட்டுவிட்டு உள்ளே வருகிற பெண்கள் திட்டிக்கொண்டே வெளியே போகும் இடம் ஒன்று உண்டென்றால், அது மேமோகிராம் அறைதான். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, புற்றுநோய் இருக்கிறதா என்று படம் எடுக்கிற வேலை எனக்கு. ஊர் திருநெல்வேலி. எக்ஸ்ரே அறையிலோ ஸ்கேன் அறையிலோ ரத்தம் எடுக்கிற இடத்திலோ உட்கார்ந்து, நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் சக பாவப்பட்டவர்களே, இது உங்களுக்காகத்தான்.

பெயரில் என்ன குறை

எங்கள் அறைக்கு வெளியே ‘மார்பகப் பரிசோதனை’ என்று கொட்டை எழுத்தில் பலகை இருக்கிறது. அதை ஒருத்தராவது வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை. வருகிறவர்கள் அக்கம்பக்கம் பார்த்து, குரலை இறக்கி, நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் விடாமல் திருத்துவேன். நெஞ்சுப் படம் என்றால் சளி பார்க்க எடுப்பது, இது வேறு என்று பாடமே நடத்துவேன். கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு, போகும்போது மறுபடி நெஞ்சுப் படம் எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். எனக்கு உதவியாக இருக்கும் மரியபுஷ்பம் அக்கா, புன்னக்காயல்காரர், ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னார்: “விடுட்டி. அவிய பேரு சரியா சொல்லியா நோவு தெரியப் போவுது?”

உரல்

கொற்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மேல்தட்டு இறங்க இறங்க என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கச் சொன்னேன், அடக்கினார். அசையக் கூடாது என்றேன், அசையவில்லை. இவ்வளவு நல்ல ஆளா என்று நான் மகிழ்ந்துபோனது தப்பு. தட்டு விலகியதும் சேலையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: “இடியாப்ப உரல்ல வச்ச மாரி நசுக்குதியளே தாயி, கீழ ஒண்ணும் வரலியே?”

ஒரு டிக்கெட்

இனி கொஞ்சம் பெரிய விஷயம். சில பெண்களின் படத்தில் ரத்தக் குழாயின் இரண்டு ஓரமும் வெளுத்து, இழைக்கோலம் போல ஒட்டி ஒட்டி இரண்டு கோடுகள் தெரியும். குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் மார்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. ஆகவே அதைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போவதுதான் எல்லா இடத்திலும் வழக்கமாக இருந்தது.

எங்கள் டாக்டரம்மா ஒருநாள் என்னைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து அந்தக் கோடுகளைக் காட்டினார். மார்பின் குழாயில் இப்படிப் படிந்திருந்தால் இதயத்தின் குழாயிலும் படிந்திருக்க வாய்ப்பு கூடுதல், கோடு இருக்கிற எல்லோருக்கும் இதய நோய் என்று இல்லை, ஆனால் இவர்களை இதய டாக்டர் ஒரு தடவை பார்ப்பது நல்லது, இனிமேல் அறிக்கையில் இதையும் எழுதப் போகிறேன் என்றார். நான் தினமும் எடுக்கிற படம், எனக்குத் தெரிந்த படம். அதன் ஓரத்தில் இதயத்தைப் பற்றி ஒரு துப்பு இத்தனை காலமும் இருந்திருக்கிறது. பக்கத்தில் நின்றிருந்த மரியபுஷ்பம் அக்கா மெதுவாகக் கேட்டார்: “அப்ப ஒரு டிக்கெட்டுல ரெண்டு படமா டாக்டர்?”

கோமதி டீச்சர்

ஆற்றங்கரைத் தெருவிலிருந்து வந்த கோமதி டீச்சர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கோட்டுச் சங்கதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. அவர் படத்தில் கோடே இல்லை. அப்படியானால் இதயம் பிரமாதம் என்று எழுதிக் கொடுங்கள் என்று நின்றார். கோடு இல்லை என்பதால் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது, பிரஷரும் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருந்தா பயப்படாதேங்கறேள், இல்லேன்னா சந்தோஷப்படாதேங்கறேள். விடைதான் என்ன?”

சுண்ணாம்பு விரதம்

பேச்சியம்மாள் அக்கா பேட்டையில் பீடி சுற்றுகிறவர். ஐம்பது தாண்டியிருக்கும். கூடப் பிறந்த அக்காவை மார்புப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்பதால் நடுங்கிக்கொண்டே வந்தார். புற்றுநோய் இல்லை என்றதும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதார். ஆனால் படத்தில் அந்த வெள்ளைக் கோடுகள் இருந்தன, நன்றாகவே இருந்தன. டாக்டரம்மா விசாரித்தபோது, சுற்றின பீடியைத் தூக்கிக்கொண்டு கடைப் படி ஏறினால் தாடை இறுகும், வேர்த்துக் கொட்டும், உட்கார்ந்தால் சரியாகிவிடும், எல்லாம் வாயு என்று அவரே தீர்ப்பும் சொன்னார். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. உடனே இதய டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். அக்காவுக்கு அது புரியவில்லை என்று தோன்றியதால், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று என் பங்குக்கு எளிமைப்படுத்தினேன்.

அடுத்த வாரமே முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். இதய டாக்டரைப் பார்த்தாச்சா என்றேன். எதற்கு என்பது போல என்னைப் பார்த்தார். “வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுததையே விட்டுட்டம்லா தாயி. வெறும் வெத்தலைதான். இனி பைய கரஞ்சிரும்.”

பட்டம்

அக்காவைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் இருந்த அவருடைய வீட்டுக்காரரிடம் போனேன். இப்படியே விட்டால் உங்கள் மனைவிக்கு மாரடைப்பு வரலாம், தாமதிக்காதீர்கள் என்று பயமுறுத்தவே செய்தேன். அவர் பெயர் சுடலைமுத்து. ஏற்கெனவே இதய நோயாளி. சட்டைப் பையில் மாத்திரை டப்பா. வேளாவேளைக்கு அதை எடுத்துக் கையில் கொடுப்பதும், அவர் ஏப்பம் விட்டால்கூட ஆட்டோ பிடிப்பதும் பேச்சியம்மாள் அக்காதான் என்று பிறகு தெரிந்தது. நான் சொன்னதை வீட்டுக்காரர் நம்பவில்லை. கோபப்படவும் இல்லை. யாரோ தவறுதலாகத் தன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டதைப் பக்குவமாக எடுத்துச் சொல்கிற குரலில் சொன்னார்: “எங்க வீட்டுல நெஞ்சுவலிக்காரன் நாந்தான் மேடம். அவளுக்கு எப்பமும் வாயுதான்.”

நூல்

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கூடவே பயமும். அந்தப் படிகளை அக்கா நாளையும் ஏறப் போகிறார். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அக்காவைத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். இதுதான் உங்கள் படம் என்றேன். அவர் சாமி சன்னதியில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். இது என் உள்ளேயா இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். பிறகு திரையைத் தொடாமல் அந்தக் கோட்டின் மேலேயே விரலைக் கொண்டுபோனார். பீடிக்குக் கட்டுகிற நூல் மாதிரி இருக்கிறதே என்றார். ஆமாம், இதே மாதிரி இதயத்தின் குழாயிலும் இருக்கலாம், அதைத்தான் பார்க்கச் சொல்கிறோம் என்றேன்.

அவ்வளவு நேரம் டாக்டரம்மாவும் நானும் மாறி மாறிச் சொல்லியும் ஏறாதது அப்போது ஏறிவிட்டது. கட்டியிருந்த கையை விட்டார், முகம் வெளிறிப்போயிற்று. “நூலை ரொம்ப இறுக்கிட்டா பீடி இழுக்காது தாயி. அந்த டாக்டரு எங்கன இருக்காரு, இப்பமே போறேன்.”

மறுபடியும் வரிசையில்

போனார். பாளையங்கோட்டையில் ஆஞ்சியோ செய்து பார்த்ததில் முக்கியமான குழாய் ஒன்று பெரும்பாலும் அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இன்னும் கொஞ்ச நாள் அந்தப் படிகளில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இதய டாக்டர் சொல்லாமலே விட்டுவிட்டாராம். இதைக் கேள்விப்பட்ட அன்று நான் என் இயந்திரத்தைத் துடைத்த துடைப்பில் ஒரு மரியாதை இருந்தது. நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டேன். மரியபுஷ்பம் அக்கா பார்த்துவிட்டார், ஆனால் கேலி செய்யவில்லை.

அடுத்த முறை பரிசோதனைக்குப் பேச்சியம்மாள் அக்கா வந்தபோது, பெஞ்சில் தண்ணீர் பாட்டிலும் இரண்டு மாத்திரை டப்பாக்களுமாக வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒன்று அவருடையது, மற்றது அக்காவுடையது. மணி பார்த்து மாத்திரையை அக்காவின் கையில் கொடுத்து, விழுங்குகிறாரா என்றும் பார்த்துக்கொண்டார். மார்பை எடுத்த படத்தில் இதயத்தைப் பற்றித் தெரிந்தது இன்னமும் எனக்கு ஆச்சரியம்தான் என்று அக்காவிடம் மனம்விட்டுச் சொன்னேன். அவருக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. “நெஞ்சுப் படம்னுதான தாயி நாங்க எல்லாரும் சொல்லுதோம். அதுல நெஞ்சு தெரியாம வேற என்ன தெரியும்?”

அவர் போனபின்பு வீட்டுக்காரர் மட்டும் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார். பலகையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். குரலை இறக்கினார். “மேடம், இவ்வளவு தெளிவா காட்டுதுன்னா, எனக்கும் ஒண்ணு எடுத்துருங்களேன்.”

ஆகவே, நான் எடுப்பது மார்பின் படமா, இதயத்தின் படமா என்று இப்போது யாராவது கேட்டால், நெஞ்சுப் படம் என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, அடுத்த திட்டு வாங்கத் தயாராக மேல்தட்டை இறக்குகிறேன்.